முகப்பை மட்டும் காட்டும் புத்தகம் வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அமைகிறது. மகனோ மகளோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ வேலையில் இருப்பார்கள். பெற்றவர்கள் போய் மூன்று வாரம், ஒரு மாதம் தங்குவார்கள். சனி, ஞாயிறு பிள்ளைகள் வெளியே கூட்டிப்போவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அவர்களுக்கு ஆபீஸ், பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஊரிலிருந்து போனவர்கள் பத்தாவது மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பொழுது போவதற்குக் காத்திருப்பார்கள். அந்த ஐந்து நாளுக்குத்தான் நல்ல வழிகாட்டிப் புத்தகம் வேண்டும். அதுவும் படம் போட்ட புத்தகமாக இருக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராத அப்பத்தாவும் ஆயாவும்கூடப் படத்தின் மேல் விரலை வைத்து, எதிரே வருகிறவரிடம் வழி கேட்டுவிடலாம்.

கடையில் இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒன்றுபோலப் பளபளக்கும். புரட்டினால் எல்லாவற்றிலும் ஈஃபில் கோபுரம், எல்லாவற்றிலும் மெரினா பே. எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்: இந்தப் படம் அழகுக்கு நிற்கிறதா, வேலை செய்கிறதா? எந்த வாசலில் நுழைவது, உள்ளே போனால் எந்தப் பக்கம் திரும்புவது, எத்தனை படி ஏற வேண்டும், எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்கிற படம் வேலை செய்கிற படம். மற்றதெல்லாம் காலண்டர் படம்.

நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தானில் தெருவில் நின்று போட்டோ எடுத்தால் முகப்பு விழும். திண்ணை, தூண்கள், மேலே சுதையில் லட்சுமி, அவ்வளவுதான். முகப்பைத் தாண்டி வளவு என்னும் நடுமுற்றம் இருப்பதும், வளவைச் சுற்றி அறைகள் இருப்பதும், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டுபோய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறப்பதும் அந்தப் போட்டோவில் வராது. ஓர் ஓவியர் ஒரு பக்கச் சுவரையும் பாதிக் கூரையையும் நீக்கிவிட்டு வரைந்தால் முழு வீடும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கட்டட வேலைக்காரர்கள் வெட்டுத் தோற்றம் என்பது இதைத்தான். படம் போட்ட வழிகாட்டியின் உயிர் இங்கே இருக்கிறது. போட்டோ எத்தனை வேண்டுமானாலும் போனில் இலவசமாகக் கிடைக்கும். நல்ல வெட்டுத் தோற்றம் அப்படிக் கிடைக்காது. காசு கொடுப்பது அதற்குத்தான்.

லண்டன் செயிண்ட் பால்ஸ் பேராலயத்தை வைத்துச் சொன்னால் இன்னும் விளங்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒரு பெரிய குவிமாடம். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஒரு குவிமாடம். இரண்டும் ஒன்றல்ல. உள்ளே தெரிவது தாழ்வான தனிக் குவிமாடம். வெளியே தெரிவது மரச்சட்டத்தின் மேல் ஈயத் தகடு போர்த்திய வேறொன்று. இரண்டுக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல், செங்கல்லில் கட்டிய கூம்பு ஒன்று நிற்கிறது. உச்சியில் இருக்கும் கல் மாடத்தின் பாரத்தைத் தாங்குவது அந்தக் கூம்புதான். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் செய்த இந்த ஏற்பாட்டை எந்தப் போட்டோவாலும் காட்ட முடியாது. வெட்டுத் தோற்றம் ஒன்றுதான் காட்டும். அதே படத்தில் மேலே ஏறும் படிக்கட்டும் சுற்றிச் சுற்றிப் போவது தெரியும். உச்சி மாடம் வரை 528 படி. மூட்டுவலி உள்ளவர் இந்த எண்ணை டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும், பாதி ஏறிய பிறகு அல்ல. நல்ல புத்தகம் அந்த எண்ணைப் படத்தின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

வெட்டுத் தோற்றத்தைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலில் நுழைவாயில் எங்கே என்று குறி இருக்கிறதா என்று பாருங்கள். பல புத்தகங்கள் பலிபீடத்தையும் ஓவியத்தையும் அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டு, எந்தக் கதவில் நுழைவது என்பதை விட்டுவிடும். அடுத்து, எந்தப் பக்கத்துச் சுவரை நீக்கி வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் விளங்காமல் போவது இங்கேதான். படத்தில் இடப்புறம் இருக்கும் மண்டபம், நீங்கள் வாசலில் நுழைந்து நிற்கும்போது வலப்புறம் வரலாம். வாங்கிய அன்றே, நுழைவாயில் இருக்கும் இடத்தில் ஒரு அம்பு போட்டு, அங்கே நின்று பார்த்தால் வலது எது, இடது எது என்று சிறு எழுத்தில் எழுதிவிட்டால் அங்கே போய்த் திணற வேண்டியதில்லை. படத்தில் சிறிதாக மனித உருவங்கள் இருந்தால் நல்லது. அளவு மனதில் நிற்கும். கடைசியாக, எண்ணிட்ட குறிப்புகள். ஒரு கட்டடத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு குறிப்பு இருந்தால் போதுமானது. இருபத்தைந்து இருந்தால் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது, மேசையில் வைத்துப் படிக்கத்தான் ஆகும்.

இரண்டாவது வகை, பறவைப் பார்வையில் வரைந்த தெருப்படம். ஒரு பேட்டையை மேலிருந்து சாய்வாகப் பார்த்தது போல, வீடு வீடாக, மரம் மரமாக வரைந்திருப்பார்கள். நடந்து பார்க்க இதைவிடச் சிறந்த துணை கிடையாது. முனையில் இருக்கும் சிவப்புக் கட்டடம் படத்திலும் சிவப்பாக இருக்கும். தெருப் பெயர்ப்பலகையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு மூன்று குறை உண்டு. வடக்கு எப்போதும் மேலே இருக்காது. அழகாகத் தெரியும் கோணத்துக்காக ஓவியர் திருப்பியிருப்பார். ஆகையால் ஓரத்தில் திசைக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயரமான கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து மறைந்துபோகும். அந்தச் சந்தில்தான் கழிப்பறை இருக்கிறது என்றால் படம் உதவாது. மூன்றாவது குறை தூரக் கணக்கு. முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் வரைந்திருப்பதால், விரலால் அளந்தால் தப்பும். பக்கத்திலேயே சிறிய சாதாரண வரைபடம் ஒன்று போட்டு, இந்தப் பகுதி ஊருக்குள் எங்கே இருக்கிறது என்று காட்டியிருந்தால் அந்தப் புத்தகத்தைத் தயாரித்தவர்கள் நடந்து பார்த்தவர்கள் என்று நம்பலாம்.

மூன்றாவது, அருங்காட்சியகத்தின் பிளான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள் 33ஏ எண் அறையில் இருக்கின்றன. கிருஷ்ணா நதிக்கரையில் இருந்து போனவை அவை. அவற்றின் உடன்பிறப்புகள் நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லோரும் வரிசையில் நிற்பது கிரேட் ரஸ்ஸல் தெரு வாசலில். 33ஆம் அறை இருப்பதோ கட்டடத்தின் வடக்குப் பக்கம், பின்னால் இருக்கும் மாண்டெகியூ பிளேஸ் வாசலுக்கு அருகில். பிளானில் இரண்டு வாசலும் குறித்திருந்தால், எதைப் பார்க்கப் போகிறோமோ அதற்குத் தக்க வாசலை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். எந்த வாசல் திறந்திருக்கும் என்பதை மட்டும் அன்று காலை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸ் லூவருக்கு டெனான், சுல்லி, ரிஷ்லியு என்று மூன்று பகுதிகள். மோனாலிசா இருப்பது டெனானில், 711ஆம் அறை. பகுதியின் பெயரும் மாடியும் அறை எண்ணும் மூன்றும் சேர்ந்து அச்சாகியிருந்தால்தான் பயன். வெறுமனே "முதல் மாடி" என்று போட்டிருக்கும் புத்தகம் உங்களை ஒரு மணி நேரம் அலைய வைக்கும். அதிலும் ஐரோப்பாவில் முதல் மாடி என்பது தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. நம் கணக்கும் அதுதான். அமெரிக்க வழக்கில் தரைத்தளமே முதல் மாடி. நியூயார்க் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடுமுறை நாளும் பிளான் இருக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். லூவர் செவ்வாய்க்கிழமை கிடையாது. அதே ஊரில் ஒர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை கிடையாது. இந்தத் தகவலைப் புத்தகத்தின் கடைசியில் சிறு எழுத்தில் தள்ளிவிடும் பதிப்பகங்கள் உண்டு. அவற்றை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

தெரிந்த ஊரை வைத்துச் சோதியுங்கள்

தெரியாத நகரத்தைப் பற்றிய புத்தகம் சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே வரிசையில் வந்த இந்தியப் புத்தகத்தையோ தென்னிந்தியப் புத்தகத்தையோ எடுத்து, உங்களுக்குத் தெரிந்த இடத்தைத் திறந்து பாருங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குப் படம் போட்டிருந்தால் கோபுரங்களை எண்ணுங்கள்: 14 இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் உயரமானது தெற்குக் கோபுரம் என்று தெரிகிறதா, பொற்றாமரைக் குளம் சரியான இடத்தில் இருக்கிறதா, நண்பகலில் நடை சாத்துவதைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். செட்டிநாட்டுப் பக்கத்தைத் திறந்தால், கானாடுகாத்தான் அரண்மனையைக் காரைக்குடியில் வைத்திருக்கிறார்களா, ஆத்தங்குடிக் கல் எங்கே செய்யப்படுகிறது என்று தெரிந்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த இடத்தில் மூன்று தப்பு செய்தவர்கள் பாரிஸில் மட்டும் சரியாகச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியாது.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இன்னும் நெருக்கமான சோதனை ஒன்று இருக்கிறது. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், 1859இல் நகரத்தார் எழுப்பியது. புத்தகத்தின் வரைபடத்தில் அது இருக்கிறதா? தைப்பூசக் காவடி சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோட்டில் முடிகிறது என்பதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா? பக்கத்து ரயில் நிலையமாக ஃபோர்ட் கேனிங்கைக் காட்டுகிறார்களா? அந்த நிலையம் 2017இல்தான் திறந்தது. காட்டவில்லை என்றால் வரைபடம் அதற்கு முந்தியது. பினாங்கு போகிறவர்கள் தண்ணீர்மலைக் கோயிலையும், சைகோன் போகிறவர்கள் தோன் தத் தியெப் தெருவில் இருக்கும் நம் தண்டாயுதபாணி கோயிலையும் இதே மாதிரி தேடிப் பார்க்கலாம்.

எந்த வருஷத்துப் புத்தகம்

அட்டையில் இருக்கும் வருஷத்தை நம்ப வேண்டாம். தலைப்புப் பக்கத்தின் பின்புறம், பதிப்புரிமை அச்சிட்ட பக்கத்துக்குப் போங்கள். முதல் பதிப்பு எந்த ஆண்டு, திருத்திய பதிப்புகள் எந்தெந்த ஆண்டு என்று வரிசையாக இருக்கும். அதில் கடைசி எண் எதுவோ அதுதான் புத்தகத்தின் வயது. "மறு அச்சு" என்று மட்டும் இருந்தால் பழைய பிழைகளோடு மறுபடி அச்சடித்தது என்று பொருள். "திருத்தங்களுடன்" என்ற சொல் இருக்க வேண்டும். சில புத்தகங்களில் 10 முதல் 1 வரை எண்கள் ஒரு வரிசையாக இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். அது பதிப்பு எண் அல்ல. பலர் இதில் ஏமாறுகிறார்கள். தகவல் திரட்டிய நாளுக்கும் புத்தகம் கடைக்கு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பதிப்புரிமைப் பக்கம் கைக்கு எட்டாவிட்டால், நகரத்தில் நடந்த மாற்றங்களை வைத்துப் புத்தகத்தின் வயதைக் கண்டுபிடிக்கலாம். லண்டன் ரயில் வரைபடத்தில் எலிசபெத் லைன் என்ற ரயில் பாதை இருந்தால், அது திறந்த 2022 மே மாதத்தை அறிந்த புத்தகம். சிங்கப்பூர்ப் புத்தகம் ஜூரோங் பறவைப் பூங்காவுக்குப் போகச் சொன்னால் கீழே வைத்துவிடுங்கள். அது 2023 ஜனவரியில் மூடி, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் பேர்ட் பாரடைஸ் என்று திறந்தது. பாரிஸ் நோத்ர தாம் 2019 ஏப்ரலில் எரிந்து 2024 டிசம்பரில் திறந்தது. அதே ஊரின் பொம்பிடு கலை மையம் 2025 செப்டம்பரில் புதுப்பிப்பு வேலைக்காக மூடிவிட்டது. 2030 வரை திறப்பதாக இல்லை. சைகோன் என்ற ஹோ சி மின் நகரத்தில் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2024 டிசம்பரில். கொல்கத்தா என்றால் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 2024 மார்ச் முதல் மெட்ரோ போகிறது. உங்கள் நகரத்துக்கு இப்படி இரண்டு மூன்று மாற்றங்களைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அதற்காகப் பழைய புத்தகம் எல்லாம் குப்பை என்று சொல்லவில்லை. செயிண்ட் பால்ஸ் பேராலயத்தின் வெட்டுத் தோற்றம் முப்பது வருஷம் கழித்தும் அதேதான். கெட்டுப்போவது டிக்கெட் விலை, பஸ் எண், ஓட்டல், சாப்பாட்டுக் கடை, திறக்கும் நேரம். ஆகவே படம் நிறைந்த பெரிய புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் மலிவாக வாங்கி வீட்டில் வைத்துப் படியுங்கள். கையில் கொண்டுபோகும் சின்னப் புத்தகம் மட்டும் புதிதாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் இதுவே சிக்கனமும் பயனும் சேர்ந்த வழி. பழையது வாங்கும்போது பின்னட்டைப் பையில் இருக்க வேண்டிய மடிப்பு வரைபடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காணாமல்போவது எப்போதும் அதுதான்.

வரிசைகள் பற்றிச் சுருக்கமாக

வெட்டுத் தோற்றமும் பறவைப் பார்வைப் படமும் முதன்மையாக வேண்டும் என்றால் டிகே ஐவிட்னஸ் வரிசை. 1993இல் தொடங்கியது. இந்த முறையைப் பரவலாக்கியதும் அதுவே. அதே நிறுவனத்தின் டாப் 10 வரிசை கைக்கு அடக்கம், கூடவே மடிப்பு வரைபடம் வரும். மூன்று நாள் பயணத்துக்கு அது போதும். இன்சைட் கைட்ஸ் 1970இல் பாலித் தீவில் தொடங்கியது. போட்டோவும் வரலாற்றுக் கட்டுரையும் அதிகம், போகுமுன் படிக்க நல்லது. மிஷலின் பச்சைப் புத்தகத்தில் நட்சத்திரக் கணக்கு உண்டு: மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம், இரண்டு என்றால் சுற்றிப் போயாவது பார்க்கலாம், ஒன்று என்றால் பார்க்கத் தக்கது. நாள் குறைவாக இருக்கும்போது இதைப்போல உதவுவது வேறில்லை. புளூ கைடு 1918இல் லண்டனோடு தொடங்கியது. படம் குறைவு, கட்டட பிளானும் விளக்கமும் ஆழம். லோன்லி பிளானட் எழுத்தும் வரைபடமும் நிறைந்தது, இளைஞர்களுக்கு ஏற்றது. கோட்டையூர் ஏ.கே. செட்டியார், நெற்குப்பை சோம.லெ. என்று உலகம் சுற்றி எழுதியவர்கள் பிறந்த மண் இது. அவர்களுடைய பயணக் கட்டுரைகளைக் கிளம்புவதற்கு முன்னால் படித்தால் ஊரைப் பார்க்கும் கண் திறக்கும். தெருவில் நிற்கும்போது வேண்டியது வேறு.

நாட்டுப் புத்தகமா, நகரப் புத்தகமா என்ற கேள்விக்கு நான்கு நாளைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரே நகரத்தில் தங்கினால் நகரப் புத்தகம்தான். நாட்டுப் புத்தகத்தில் தலைநகருக்கே சில பத்துப் பக்கங்கள்தான் கிடைக்கும்.

வரைபடமும் தூரமும்

நகர வரைபடத்தின் ஓரத்தில் 1:10,000 என்று இருந்தால் 1 சென்டிமீட்டருக்கு 100 மீட்டர். 1:15,000 என்றால் 150 மீட்டர். பெரியவர்கள் நின்று நின்று நடந்தால் மணிக்கு 3 கிலோமீட்டர் போவார்கள். அதாவது பத்து நிமிஷத்துக்கு 500 மீட்டர், 1:10,000 வரைபடத்தில் 5 சென்டிமீட்டர். ஒரு தீக்குச்சி நீளம் என்று மனதில் வைத்துக்கொண்டால் வழியில் ஸ்கேல் தேட வேண்டியதில்லை. 1:25,000க்கு மேல் போனால் சந்துகள் மறைந்துவிடும், நடக்க உதவாது.

ரயில் வரைபடத்தில் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. லண்டன் பாதாள ரயில் வரைபடம் ஹாரி பெக் வகுத்தது, 1933 முதல் அச்சில் இருக்கிறது. நிலையங்களின் வரிசையைத்தான் காட்டும், தூரத்தைக் காட்டாது. லெஸ்டர் ஸ்கொயரில் இருந்து கோவென்ட் கார்டன் 300 மீட்டருக்கும் குறைவு. வரைபடத்தில் மற்ற நிலையங்களைப் போலத்தான் தெரியும். அந்தத் தூரத்துக்குப் படி இறங்கி, ரயில் ஏறி, மறுபடி மேலே வருவதைவிட நடப்பது எளிது. புத்தகத்தில் தெரு வரைபடமும் ரயில் வரைபடமும் இரண்டும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் நம் ஆட்களுக்கே உரியது. பிள்ளைகள் நகரின் நடுவில் குடியிருப்பதில்லை. லண்டன் என்றால் ஹாரோ, ஈஸ்ட் ஹாம். சிங்கப்பூர் என்றால் பொங்கோல், உட்லண்ட்ஸ். வழிகாட்டியின் தெரு வரைபடம் அங்கே எல்லாம் எட்டாது. ஆகவே கடையில் நின்று முதலில் தேட வேண்டியது பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தை. ரயில் வரைபடத்தில் அது இருக்கிறதா, எழுத்து வாசிக்கும் அளவில் இருக்கிறதா, அங்கிருந்து நடுவூருக்கு எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று தெரிகிறதா? இது தேறினால் மீதியைப் பாருங்கள்.

வரைபடப் பக்கங்களில் நடுமடிப்பையும் பாருங்கள். முக்கியமான தெரு மடிப்புக்குள் விழுங்கப்பட்டிருக்கும். நல்ல புத்தகத்தில் ஒரு பக்கத்தின் ஓரம் அடுத்த பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டராவது திரும்ப வரும், எந்தப் பக்கத்தில் தொடர்கிறது என்று ஓரத்தில் எண்ணும் இருக்கும்.

தாள், எழுத்து, எடை

வண்ணப் படத்துக்காக வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிடுவார்கள். கனம் அதனால்தான். பெரிய நகரப் புத்தகம் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். சமையல்கட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள். விமானத்தில் கைப்பை 7 கிலோ என்றால் இரண்டு புத்தகம் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். தினமும் தோளில் தொங்கவிட 300 கிராமுக்கு மேல் வேண்டாம்.

வழவழத் தாள் வெயிலில் கண்ணைக் கூசும். கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் இது தெரியாது. வாசலுக்கு எடுத்துவந்து, நண்பகல் வெளிச்சத்தில், கை நீட்டிப் பிடித்து, வெட்டுத் தோற்றத்தின் சிறு குறிப்புகளை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதை யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரே பார்க்க வேண்டும். பிள்ளைகள் பார்த்து "நல்லா இருக்கு" என்று வாங்கி அனுப்பும் புத்தகங்கள் தூங்குவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொடி எழுத்துதான் காரணம். வெளிர் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து, போட்டோ மேல் நேரடியாக அச்சடித்த எழுத்து இரண்டும் கூடாது.

பைண்டிங் இரண்டு வகை. புத்தகத்தை மேலிருந்து பார்த்தால் தாள்கள் சிறு சிறு கட்டுகளாக மடிந்து நூலில் தைத்திருப்பது தெரியும். இது நெடுநாள் உழைக்கும், நடுவில் திறந்தால் தட்டையாக நிற்கும். தனித்தனித் தாளாக வெட்டிப் பசையில் ஒட்டியது மற்றது. அதை அழுத்தித் திறந்தால் முதுகு வெடிக்கும், பிறகு தாள் ஒவ்வொன்றாக உதிரும். மே மாதத்தில் காரின் கண்ணாடி ஓரம் வைத்தால் பசை இளகி இன்னும் சீக்கிரம் கழன்றுவிடும். மழையில் நனைந்தால் ஆர்ட் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு இழுத்தால் அச்சோடு கிழிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் சாதாரண வெள்ளைத் தாள் செருகி, ஃபேன் காற்றில் உலர விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் அலமாரியில் வைக்கும்போது புத்தகங்களை நெருக்கி அடுக்காமல், பக்கத்தில் கொஞ்சம் வசம்பு வையுங்கள். ஏட்டுச் சுவடிக்கு வைத்த அதே பழக்கம்தான், பூச்சி அண்டாது.

கனமான புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு போவதும் நல்ல யோசனை. தைத்த புத்தகம் என்றால் இரண்டு கட்டுகளுக்கு நடுவே முதுகை வெட்டினால் அந்தப் பகுதி முழுசாக வரும். பசை ஒட்டிய புத்தகம் என்றால் வேண்டிய பகுதியின் முன்னும் பின்னும் அகலத் திறந்து, கூரான கட்டரால் முதுகுப் பசையையும் சேர்த்து வெட்டி எடுங்கள். பசைப் பட்டை தாள்களோடு வந்தால்தான் உதிராது. வெட்டிய முதுகில் அகலமான செலோ டேப்பை இரு பக்கமும் மடித்து ஒட்டுங்கள். அன்றைக்கு வேண்டிய 20, 30 பக்கம் மட்டும் பையில் போகும். புத்தகத்தை வெட்ட மனம் வராதவர்கள் வேண்டிய பக்கங்களைத் தங்கள் உபயோகத்துக்குக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். இரு பக்கப் படம் என்றால் ஏ3 தாளில் எடுக்கச் சொல்லுங்கள். ஏ4இல் சுருக்கினால் குறிப்புகள் வாசிக்க வராது.

மின்னூலாக வாங்குவது பற்றி: எழுத்து நிறைந்த புத்தகத்துக்குச் சரி, படப் புத்தகத்துக்குச் சரிப்படாது. இரு பக்கத்துக்கு விரிந்த வெட்டுத் தோற்றம் போன் திரையில் பாதி பாதியாக உடையும். கறுப்பு வெள்ளை வாசிப்புக் கருவியில் ரயில் வரைபடத்தின் வண்ணக் கோடுகள் எல்லாம் ஒரே சாம்பல். பத்து அங்குல டேப்லெட் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இணையத்தில் வாங்கினால் 13 இலக்க ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணைப் பதிப்பகத்தின் தளத்தோடு ஒப்பிடுங்கள். புதிய பதிப்புக்குப் பெரும்பாலும் புதிய எண் வரும். அட்டைப் படத்தைப் புதியதாகப் போட்டு, பழைய இருப்பை அனுப்புவது நடக்கிறது. வந்தவுடன் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முழுதாகப் புரட்டுங்கள். பக்கம் விட்டுப்போனது, தலைகீழாகத் தைத்தது, நிறம் விலகி எழுத்து இரட்டையாகத் தெரிவது எல்லாம் உண்டு. வரைபடப் பக்கத்தில் நிறம் விலகியிருந்தால் அந்தப் பிரதி பயனில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்

ஒரு நாளைக்கு ஓர் இரு பக்கப் படம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டை, அதில் உட்கார்ந்து பார்க்கும்படி ஒன்று, நடந்து பார்க்கும்படி இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். அந்தப் பக்கத்தோடு ஒரு துண்டுத் தாளைப் பின் செய்து தமிழில் எழுதுங்கள்: இடத்தின் பெயர் எப்படி உச்சரிப்பது, எந்த நிலையத்தில் இறங்குவது, எந்த எண் அல்லது எழுத்துள்ள வாயிலில் மேலே வருவது, விடுமுறை நாள் எது, லிஃப்ட் உண்டா, கழிப்பறை எங்கே, திரும்பி வரும்போது எந்தப் பக்கம் போகும் ரயில். கீழே பிள்ளையின் போன் எண். நிலைய வாயிலைக் குறிக்காமல் போவதுதான் பெரிய நகரங்களில் வழி தவறுவதற்குப் பெரிய காரணம். ஒரே நிலையத்துக்கு ஐந்தாறு வாயில் இருக்கும், தப்பான ஒன்றில் ஏறினால் அகலச் சாலையின் அந்தக் கரையில் நிற்பீர்கள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் பல பலகைகளில் தமிழும் இருக்கும். லண்டனிலும் பாரிஸிலும் துண்டுத் தாள்தான் துணை. அதில் இடத்தின் பெயரை ஆங்கில எழுத்திலும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வழி சொல்கிறவர் வாசிக்க வேண்டும் அல்லவா.

சாப்பாட்டுக் கடைகளின் பட்டியலைப் பெரிதாக நம்ப வேண்டாம். எந்தப் புத்தகத்திலும் முதலில் காலாவதியாவது அதுதான். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் குறியீட்டு விளக்கப் பக்கத்தில் சைவத்துக்குத் தனிக் குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

போய்வந்த பிறகு புத்தகத்தைப் பரணில் ஏற்றாதீர்கள். மூடியிருந்த வாசல், மாறிய நேரம், உட்கார நிழல் இருந்த இடம், வலி இல்லாமல் ஏறிய வழி எல்லாவற்றையும் அந்தந்தப் பக்கத்தில் தேதியோடு குறியுங்கள். அடுத்து அதே ஊருக்குப் போகும் பங்காளி வீட்டுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ அது கைமாறும். ஆர்ட் தாளில் பால்பாயிண்ட் மை காயாமல் இழுபடும், சாதாரணப் பென்சில் பிடிக்காது. ஒட்டும் சிறு காகிதத்தில் எழுதி, ஓவியத்தின் மேல் ஒட்டாமல், பக்கத்தின் வெளி ஓரத்தில் ஒட்டுங்கள்.